மக்காவுக்குப் போய்வந்த கதிர்

அகராதி வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, உங்களைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கிறது. பொத்தானை அமுக்கினால் சொல் வருகிறது, அதன் வேர் வருகிறது, வேருக்கு வேரும் வருகிறது. எங்களுக்கு ஒரே ஒரு தானியத்தின் பெயர் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ள, ஒருவர் கப்பலேறிக் கடல் தாண்டிப் போய்வர வேண்டியிருந்தது. நான் கதை விடவில்லை, நிஜமாகவே போனார். அதைச் சொல்லத்தான் இன்றைக்கு உங்கள் டீ நேரத்தைப் பிடுங்கிக்கொள்கிறேன். கொட்டாவி விடுகிறவர்கள் இப்போதே எழுந்து போகலாம். கோபித்துக்கொள்வேன், ஆனால் வெளியில் காட்டிக்கொள்ள மாட்டேன்.

ஐம்பதுகளின் கடைசி அது. ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதி வீடு ஒன்றின் மாடியில் எங்கள் அலுவலகம். பயிர்த்தொழில் சொற்களுக்கென்றே ஓர் அகராதி தயாரித்துக்கொண்டிருந்தோம். பள்ளிக்கூடங்களுக்கும் கிராம நூலகங்களுக்கும் போக வேண்டிய புத்தகம். நான் தமிழில் பட்டம் வாங்கிய கையோடு துணையாசிரியராகச் சேர்ந்தவள். அகராதியின் தலைமை ஆசிரியர் துறையூர்ப் பக்கத்துக்காரர், விவசாயக் குடும்பம், நாற்பது வயதிருக்கும். பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அவருக்குப் பிடிக்காது. மூக்குப்பொடி போட்டுக்கொண்டு அவர் தும்முகிற தும்மலில் மேஜை மேல் இருக்கும் அட்டைகளெல்லாம் பறக்கும்.

அட்டை என்றேனே, ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் அட்டை உண்டு. அதன் வலது மூலையில் மூன்று குறி விழ வேண்டும். படித்தது, கேட்டது, கண்டது. நூலில் படித்தாயா, புழங்குகிறவர் வாயால் கேட்டாயா, உன் கண்ணால் பார்த்தாயா? மூன்றும் விழாத சொல் அச்சுக்குப் போகக் கூடாது. அது தலைமை ஆசிரியர் போட்ட சட்டம். சேர்ந்த புதிதில் எனக்கு அது சுத்தப் பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. படித்தாலே போதாதா?

குதிரைவாலிதான் என் வாயை அடைத்தது. 'குதிரைக்குத் தீவனமாவதால் இப்பெயர்' என்று எழுதி நீட்டினேன். அவர் அட்டையின் மூலையைப் பார்த்தார். 'கண்டது' காலி. "துறையூருக்கு பஸ் இருக்கு, போயிட்டு வாம்மா" என்றார். எரிச்சலோடு போனேன். துறையூர் தாண்டியதும் ஒரு புன்செய்க் கொல்லையில் கதிர் வாங்கி நின்றது குதிரைவாலி. காற்று வீச, அத்தனை கதிரும் ஒரே பக்கமாகச் சாய்ந்து, மயிர் மயிராகத் தொங்கி ஆடியது. அசல் குதிரை வால்! ஓடுகிற பஸ்ஸில் எழுந்து நின்று "வால்! வால்!" என்று நான் கத்த, கண்டக்டர் யாருடைய வால் என்று திரும்பிப் பார்த்தார். குதிரை தின்றதா தின்னவில்லையா என்பதெல்லாம் பிறகு. பெயர் வைத்தவன் கண்ணுக்கு முதலில் பட்டது அந்தக் கதிர்தான் என்று அன்றைக்கு எனக்குப் புரிந்தது. அன்றிலிருந்து மூன்று குறிக்கும் நான் அடிமை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

'ம' வரிசை அச்சேறிக்கொண்டிருந்த சமயம். அச்சகம் திருச்சியில் தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்கி, சட்டத்தில் முடுக்கி அச்சடிக்கிற காலம். கடைசி மெய்ப்பு திருத்தப் போயிருந்தேன். 'மக்காச்சோளம்' வந்தது. இரண்டு வரி ஒன்றன் கீழ் ஒன்றாக நின்றது. 'தாயகம்: அமெரிக்கா.' அதற்கு நேர் கீழே, 'பெயர்க்காரணம்: மக்காவில் விளைந்து அங்கிருந்து வந்தமையால்.'

எனக்குச் சுருக்கென்றது. அமெரிக்காவில் பிறந்த பயிர் மக்காவுக்குப் போய் அங்கே விளைந்து, பிறகு நம்மிடம் வந்திருக்கலாம். வராமலும் இருக்கலாம். யாருக்குத் தெரியும்? கூடவே கொண்டுபோயிருந்த அட்டையை எடுத்துப் பார்த்தேன். மூன்று குறியும் அழகாக விழுந்திருந்தன. 'கண்டது' எங்கே கண்டது? துறையூரில்! எங்களில் ஒருவர் துறையூர்க் கொல்லையில் மக்காச்சோளப் பயிரைப் பார்த்துவிட்டுக் குறி போட்டிருக்கிறார். பயிரைப் பார்த்தது சரி. மக்காவை யார் பார்த்தது? இந்தத் தவறை அகராதிக்காரர்கள் மட்டும்தான் செய்ய முடியும். பொருளுக்குப் போட்ட குறியைப் பெயருக்கும் சேர்த்துக் கணக்கில் வைத்துக்கொண்டுவிட்டோம்.

"நிறுத்துங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் இயந்திரத்தை மிதித்துக்கொண்டிருந்தவர் காலை எடுத்துவிட்டார்.

அச்சகக்காரர் ஓடி வந்தார். "என்னம்மா ஆச்சு? எழுத்து கவுந்துடுச்சா?"

"இந்தப் பக்கம் இப்ப அடிக்க வேண்டாம். இந்த மக்கா வரியில சந்தேகம் இருக்கு."

"இத அடிக்காம அடுக்கி வெச்சுக்கிட்டா எழுத்தெல்லாம் அதுல மாட்டிக்கும். வைகாசி வருது. கல்யாணப் பத்திரிகையை நான் எதுல அடிக்கிறது? என் தலையிலயா? அந்த ஒரு வரிய உருவிட்டு மேல போங்களேன்."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஓட்டமும் நடையுமாக பஸ் பிடித்து, காவேரிப் பாலம் தாண்டி அலுவலக மாடியேறினேன். மூச்சிரைக்க விஷயத்தைச் சொன்னேன். தலைமை ஆசிரியர் பொடி டப்பாவைத் திறந்தவர் போடாமலே மூடினார்.

"வரிய எடுத்துட்டாப் போச்சுன்னு சொல்றாரா? எடுத்துட்டா படிக்கிறவன் என்ன பண்ணுவான்? பேர்லயே மக்கா இருக்கு, அங்க விளைஞ்சதுன்னு அவனே நெனச்சுக்குவான். நாம சொல்லித் தப்பாப் போறதுக்கு பதிலா, சொல்லாமத் தப்பாப் போகும்."

"அப்ப யாராவது மக்காவுக்குப் போய்ப் பார்த்துட்டு வரணும் சார்."

விளையாட்டாகத்தான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. நானும் அடுத்த நொடியே சிரிப்பை விட்டேன், ஏனென்றால் இரண்டு பேருக்கும் ஒரே ஆள் ஞாபகத்துக்கு வந்துவிட்டார். ராவுத்தர்!

ராவுத்தருக்கு மார்க்கெட்டுக்கு அருகே தானிய மண்டி. எந்தத் தானியத்தைப் பற்றி எழுதினாலும் அவர் கடைக்குப் போய் ஒரு பிடி வாங்கி வருவோம். காகிதத்தில் பொட்டலம் கட்டித் தருவார். அதோடு ஒரு கதையும் தருவார். அவர் கடை வாசலில் 'மக்காவில் விளையும் மக்காச்சோளம் இங்கே கிடைக்கும்' என்று பச்சைப் பெயின்டில் ஒரு போர்டு. மற்ற தானியத்துக்கெல்லாம் போர்டு கிடையாது. "எங்க அத்தா காலத்துல மக்காவுலேருந்து வந்த ஒரு ஹாஜியார் அவர் கையில ஒரு பிடி விதை குடுத்தாராம் தங்கச்சி. இந்த ஊர்ல இது மொதல்ல வந்ததே எங்க வீட்டுக்குத்தான்" என்பார். அத்தா என்றால் அவருடைய அப்பா. அட்டையில் 'கேட்டது' என்ற குறி விழுந்ததே அவர் வாயால்தான். அந்த ராவுத்தர் அந்த வருஷம் ஹஜ் பயணம் கிளம்பிக்கொண்டிருந்தார்.

நான் குதிக்காத குறை. தலைமை ஆசிரியர் முகம் மட்டும் மலரவில்லை.

"கொஞ்சம் யோசிம்மா. மக்காவுல விளையுதுன்னா அவருக்குப் பெருமை. விளையலைன்னா அவங்க அத்தா சொன்ன கதை போச்சு, போர்டும் போச்சு. போய்ட்டு வந்து 'பார்த்தேன்'னு சொல்லிட்டா நீ என்ன பண்ணுவ? பின்னாடியே போய்ப் பார்ப்பியா?"

நமக்குக் கிடைத்திருக்கும் ஒரே சாட்சி, பதிலில் சொந்த லாபம் உள்ள சாட்சி. இந்த இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். அச்சகக்காரர் ஒரு பக்கம் கத்துகிறார். அகராதிக்குப் பணம் கொடுக்கிற குழுவினரோ, இந்த வருஷத்துக்குள் புத்தகம் வராவிட்டால் அலுவலகத்தையே மூடிவிடுவோம் என்று சொல்லிவிட்டார்கள். தலைமை ஆசிரியர் ஜன்னல் வழியாகக் கோபுரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அவரையே கேப்போம்" என்றார் கடைசியில். "ஆனா எந்த பதில் நமக்கு வேணும்னு ஜாடைகூடக் காட்டாத. அமெரிக்கான்னு வாய் திறக்காத. என்ன பார்த்தீங்கன்னு மட்டும் கேளு. அந்தப் பக்கம் நிக்கட்டும், மத்த பக்கத்தை அடிச்சிக்கிட்டே போகட்டும். குழுவுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்."

துறையூருக்குப் போய், நன்றாக முற்றிக் காய்ந்த கதிராக ஒன்று பார்த்து வாங்கி வந்தேன். அதை ஒரு வெள்ளைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தபோது என் அம்மா பார்த்துவிட்டாள். "ஏண்டி, சேத்ராடனம் போறவர் கையில சோளக்கதிரா? பெருமாளே! நன்னா இருக்குடி ஒங்க ஆபீஸ்!" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

திருச்சி ஜங்ஷனில் ராவுத்தரை வழியனுப்ப அவர் தெருவே திரண்டிருந்தது. பம்பாய்க்குப் போய் அங்கிருந்து கப்பல். கழுத்து நிறைய மாலையோடு நின்றவரை நெருங்கிக் கதிரை நீட்டினேன். "அங்க கடைத்தெருவுல இது இருக்கான்னு பார்க்கணும். இருந்தா என்ன பேர் சொல்றாங்கன்னு கேக்கணும். அவ்வளவுதான் பாய்."

அவருக்கு ஒரே சந்தோஷம். "இதோட சொந்தக்காரங்களப் பார்க்கக் கூட்டிக்கிட்டுப் போறேன்னு சொல்லு தங்கச்சி! ஹஜ் கடமை முடியிற வரைக்கும் பெட்டியவிட்டு எடுக்க மாட்டேன். அப்புறம் இன்ஷா அல்லா, மக்கா மண்ணுல விளைஞ்ச கதிர் ஒண்ணு ஒங்க ஆசிரியருக்குக் கொண்டாந்து குடுக்கறேன்" என்றார். ரயில் நகர்ந்தது. இவ்வளவு ஆசையோடு போகிறவர் வெறுங்கையோடு எப்படித் திரும்புவார்?

அதற்கப்புறம் அச்சகத்துப் பக்கம் போனாலே ஏச்சுத்தான். "என்னம்மா, சோளம் கரையேறிச்சா?" என்று அச்சகக்காரர் தினமும் கேட்பார். குழுவிலிருந்து இரண்டு பேர் வந்து தலைமை ஆசிரியரை உட்கார வைத்துக் கேள்வி கேட்டார்கள். ஒரு தானியத்தின் பெயருக்காக ஒரு புத்தகம் நிற்பதா என்றார்கள். "அச்சாயிட்டா அப்புறம் அது பொய்யின்னு யாரும் நம்ப மாட்டாங்க. அதனாலதான் நிக்குது" என்று அவர் சொன்னதை மாடிப்படியில் நின்று கேட்டேன். அவர் குரலில் எனக்குத் தெரிந்த தெம்பு இல்லை. அவர் வேலை போனால் என்னால் போனதாகும் என்று பயந்தேன்.

ராவுத்தர் திரும்பிவிட்டார் என்று செய்தி வந்ததும் இருவரும் மண்டிக்குப் பறந்தோம். காலை வியாபாரம் முடிந்து கடை ஓய்ந்திருந்தது. உடம்பு இளைத்து, தாடி வெளுத்து உட்கார்ந்திருந்தார். பேரீச்சம்பழமும் புனித ஜம்ஜம் தண்ணீரும் கொடுத்தார். நலம் விசாரித்தோம்.

"என்ன பார்த்தீங்க பாய்?" என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை, வாசல் போர்டைப் பார்த்தார்.

"இல்ல தங்கச்சி. நான் பார்த்த எடத்துல ஒண்ணுலயும் அது இல்ல."

தலைமை ஆசிரியர் மூச்சை விட்டார்.

"கடை கடையா ஏறி எறங்கினேன். கோதுமை இருக்கு, நம்ம வெள்ளச்சோளம் மாதிரி ஒண்ணு இருக்கு, பேரீச்ச மலை மலையா இருக்கு. இது இல்ல. கதிரக் காட்டினா இது என்னன்னு என்னையே திருப்பிக் கேக்கறாங்க. கப்பல்ல வர்றப்ப பூரா இதே யோசனதான். 'பார்த்தேன்'னு ஒரு வார்த்த சொன்னாப் போதும், ஒங்க புஸ்தகத்துல ஏறிடும், எங்க அத்தா பேச்சும் நிக்கும். யாரு போய்ப் பார்க்கப் போறா? ஆனா அந்த மண்ண மிதிச்சிட்டு வந்த வாயால எப்படிம்மா பொய் சொல்றது?" அவர் கண் கலங்கியது. "எங்க அத்தாவப் பொய்யராக்கிட்டனேன்னுதான் வருத்தமா இருக்கு."

இந்த மனிதரையா சந்தேகப்பட்டோம் என்று தலைமை ஆசிரியரைப் பார்த்தேன். அவர் எழுந்து போய் ராவுத்தரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "வேற யாரையும் கேட்டீங்களா? அந்தக் கதிரக் காட்டினப்ப?"

"கேக்காம இருப்பனா? ஒலகத்துல இருக்கற அத்தன ஊர்க்காரனும் அங்க இருக்கான்." ராவுத்தர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நான் தங்கின வீட்டுக்காரருக்கு உருது தெரியும், அவர வெச்சுக்கிட்டுக் கேட்டேன். எகிப்துக்காரர் ஒருத்தர் கதிரப் பார்த்ததும் 'அட, இது எங்க ஊர்ல இருக்கே, துரா ஷாமி'ன்னாரு. துரான்னா சோளம். ஷாம்னா சிரியாப் பக்கம். அங்கேருந்து வந்ததாம். சரி, விட்டேன். அப்புறம் ஒரு துருக்கிக்காரர், அவரும் 'எங்க ஊர்லயும் இருக்கு, மிஸிர்'னாரு. மிஸிர்னா என்ன தெரியுமா தங்கச்சி? எகிப்து!"

நான் மூட்டை மேலிருந்து துள்ளி எழுந்தேன். "துருக்கிக்காரர் எகிப்துங்கறார், எகிப்துக்காரர் சிரியாங்கறார், நாம மக்காங்கறோம்!"

"ஆளாளுக்குப் பக்கத்து வீட்டக் கை காட்டறாங்க" என்று தலைமை ஆசிரியர் கத்தினார். அவர் கத்தி நான் பார்த்ததே இல்லை. "ஒருத்தன்கூட எங்க ஊர்னு சொல்லல பாரு! பிறந்த ஊர் யாருக்கும் தெரியாது. எவன் கையிலேருந்து வாங்கினானோ அவன் ஊர்ப் பேர வெச்சுட்டான். பாய், ஒங்க அத்தா பொய் சொல்லல. மக்காவுலேருந்து வந்த ஒருத்தர் கையில வாங்கினேன்னுதானே சொன்னாரு? பேர் சொல்றதும் அவ்வளவுதான். அங்க விளைஞ்சுதுன்னு சேர்த்துக்கிட்டது நாம!"

பெயரில் இருக்கும் ஊர் பெற்ற தாய் அல்ல, கொடுத்த கை. பிள்ளைகளே, இதை நான் எந்தப் புத்தகத்திலும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. சோள மூட்டைகளுக்கு நடுவே நின்றுகொண்டு கற்றேன்.

ராவுத்தர் முகத்தில் மெல்லச் சிரிப்பு வந்தது. "அப்ப நான் கண்ணால பார்த்த இன்னொண்ணும் இருக்கு. அதச் சொல்றதா வேண்டாமான்னு இருந்தேன்" என்று சொல்லி, பெட்டியிலிருந்து அந்த வெள்ளைத் துணியை எடுத்துப் பிரித்தார். உள்ளே வெறும் சக்கை. ஒரு மணிகூட இல்லை.

"பார்த்தவன்லாம் ரெண்டு குடு, நாலு குடுன்னு பிச்சுக்கிட்டுப் போயிட்டான். வீட்டுக்காரர் கொஞ்சம் வாங்கி முத்தத்துத் தொட்டியில ஊனி வெச்சாரு. கப்பலுக்குக் காத்துக்கிட்டிருந்தேன்ல, அதுக்குள்ள பச்சைப் பசேல்னு மொளச்சிடுச்சு! பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து இது என்னன்னாரு. நம்மாளு கொஞ்சமும் யோசிக்கல. 'துரா ஹிந்தி'ன்னுட்டாரு."

இந்தியச் சோளம்! நான் வாய்விட்டுச் சிரித்தேன். தலைமை ஆசிரியர் சிரித்துச் சிரித்து இருமினார். ஒரு சொல் பிறப்பதை, எங்களுக்காக, ஒரு மனிதர் நேரில் நின்று பார்த்துவிட்டு வந்திருக்கிறார். எந்த அகராதிக்காரனுக்கு அந்த பாக்கியம் கிடைக்கும்?

மூட்டை மேலேயே காகிதத்தை வைத்து எழுதினோம். 'மக்கா வழியாக வந்தது என்னும் நம்பிக்கையால் அமைந்த பெயர். அங்கு விளைந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. தாயகம் அமெரிக்கா.' அமெரிக்கா என்று படித்துக் காட்டியதும் ராவுத்தர், "இத மொதல்லயே சொல்லியிருந்தா நான் எதுக்கு அலஞ்சேன்?" என்று முறைத்தார். "சொல்லியிருந்தா நீங்க பார்த்தத நாங்க எப்படி பாய் நம்பறது?" என்றார் தலைமை ஆசிரியர். ராவுத்தருக்குப் புரிந்தது. கொஞ்சம் கோபித்துக்கொண்டார், பிறகு இன்னொரு பேரீச்சம்பழம் கொடுத்தார்.

தெப்பக்குளத்துக்கு நான் நடக்கவில்லை, ஓடினேன். பெரிய கடைவீதியில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அச்சகக்காரர் புது வரியை வாங்கிப் படித்தார். "இந்த மூணு வரிக்கா இத்தன மாசம்?" என்றார். ஆனால் எழுத்தை அவரே பொறுக்கி அடுக்கினார், ஆள்விட்டுச் செய்யவில்லை. வருஷம் முடிவதற்குள் புத்தகம் வந்துவிட்டது. குழுவினர் மாலை போட்டபோது தலைமை ஆசிரியர் சரியாக அந்த நேரம் பார்த்துத் தும்மினார்.

முதல் பிரதியை ராவுத்தருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்தப் பக்கத்தை விரித்துப் படித்தார், கண்ணில் ஒற்றிக்கொண்டார். வெளியே வந்தபோது நிமிர்ந்து பார்த்தேன். பச்சைப் பெயின்ட் போர்டு அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. பழைய எழுத்தின் மேலேயே புதிதாகப் பெயின்ட் வேறு அடித்திருந்தார்.

"என்ன பாய், போர்ட மாத்தலையா? அங்க விளையலைன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அது நான் போனப்ப" என்றார் ராவுத்தர். "இப்ப அந்த வீட்டு முத்தத்துல கதிர் விட்டிருக்கும்ல தங்கச்சி?"